தானம் கொடுத்த மாட்டின் பல்லைப் பார்க்கலாமா? – வாசகர் கேள்வி பதில்

கம்பெனிப் பணத்தில் நடக்கும் தொண்டுத் திட்டங்களைப் பற்றிப் போன மாதம் ஒரு வாசகருக்குப் பதில் சொல்லும்போது, "பணம் கொடுப்பவரே எதை அளப்பது என்றும் முடிவு செய்தால், சமூகப்பணி வேறு வேலையாக மாறிவிடும்" என்று எழுதியிருந்தேன். அந்த ஒரு வரிக்கு வந்த கடிதங்களே இந்த மாதப் பக்கத்தை நிரப்பிவிட்டன. கோபமாக எழுதியவர்களுக்கும் நன்றி.

தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது என்பார்கள். தன் பணத்தை ஒருவர் நல்ல காரியத்துக்குக் கொடுக்கிறார், அதில் உங்களுக்கு என்ன குறை?
– வாசகர், திண்டுக்கல்

கொடுப்பதில் ஒரு குறையும் இல்லை. நான் படித்த பள்ளிக்கூடத்தின் கட்டடமே ஊர்ப் பெரியவர் ஒருவர் கட்டிக் கொடுத்ததுதான். ஆனால் அவர் கட்டிக் கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொண்டார். எந்த வாத்தியாரை வைப்பது, எதைப் பாடமாக வைப்பது, எந்தப் பிள்ளையைச் சேர்ப்பது என்று அவர் வந்து சொல்லவில்லை.

இப்போது பரவிவரும் கொடை வேறு மாதிரி. கடந்த இருபது வருடங்களாக இதற்குக் 'கொடை முதலாளித்துவம்' என்று பெயரே வைத்துவிட்டார்கள். கொடுப்பது முதலீடு, வறுமை ஒரு பிரச்சினை, அதற்கு ஒரு 'சொல்யூஷன்' உண்டு, போட்ட ஒவ்வொரு ரூபாய்க்கும் என்ன பலன் வந்தது என்று எண்ணில் காட்ட வேண்டும். தொழிலில் ஜெயித்த அதே புத்தி சமூகத்தையும் சரி செய்துவிடும் என்பது இதன் நம்பிக்கை. இப்படிக் கொடுப்பவர் பணத்தோடு வழிமுறையையும் சேர்த்தே கொடுக்கிறார், அந்த வழிமுறை பிறகு அரசின் கொள்கையாகவும் ஆகிறது. எம்.எல்.ஏ. தப்புச் செய்தால் அடுத்த தேர்தலில் கேட்கலாம், ஆனால் அறக்கட்டளையின் போர்டு எடுத்த முடிவு தப்பாகப் போனால் யாரிடம் போய்க் கேட்பது?

இன்னொன்று, அது முழுக்க அவர் பணமும் இல்லை. வருமான வரிச்சலுகையோடு கொடுக்கும் நன்கொடையில் ஒரு பங்கு அரசு கஜானாவுக்கு வந்திருக்க வேண்டிய வரி. மாட்டுக்கு நாமும் கொஞ்சம் பணம் போட்டிருக்கிறோம் என்னும்போது பல்லைப் பார்க்கத்தான் வேண்டும்.

எம்.எஸ்.டபிள்யூ. (சமூகப்பணி முதுகலை) இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். 'சோஷியல் இம்பாக்ட் பாண்டு' என்று வகுப்பில் நடத்தினார்கள். பரீட்சைக்கு எழுதும் அளவுக்குப் புரிந்தது, ஆனால் மனசுக்குப் புரியவில்லை. விளக்குவீர்களா?
– வாசகி, மதுரை

பெயரில் பாண்டு என்று இருந்தாலும் இது ஒரு பந்தயம் மாதிரியான ஒப்பந்தம்தான். ஒரு முதலீட்டாளர் முன்பணம் போடுவார். ஒரு தொண்டு நிறுவனம் அந்தப் பணத்தில் வேலை செய்யும். வெளியாள் ஒருவர் வந்து பலனை அளப்பார். முன்கூட்டியே பேசிய இலக்கை எட்டினால், அரசோ ஓர் அறக்கட்டளையோ முதலீட்டாளருக்கு அசலும் லாபமும் தரும். எட்டாவிட்டால் முதலீட்டாளர் பணம் போச்சு.

இது முதலில் நடந்தது இங்கிலாந்தில் பீட்டர்பரோ சிறையில், 2010-ல். ஒரு வருடத்துக்கும் குறைவான தண்டனை முடிந்து வெளியே வரும் ஆண்கள் திரும்பத் திரும்ப உள்ளே வந்துகொண்டே இருந்தார்கள், அவர்களுக்கு வீடு, வேலை, போதைச் சிகிச்சை என்று வெளியிலும் கூட இருந்து உதவுவதுதான் திட்டம். 17 முதலீட்டாளர்கள் சேர்ந்து 50 லட்சம் பவுண்டு போட்டார்கள். மறுபடி தண்டனை பெறுவது 7.5 சதவீதம் குறைந்தால் பணம் திரும்பும் என்று ஒப்பந்தம், 9 சதவீதம் குறைந்தது. 2017-ல் லாபத்தோடு பணம் திரும்பியது. கேட்க நன்றாகத்தானே இருக்கிறது?

நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அந்தத் திட்டம் நினைத்த காலம் வரை அதே வடிவில் நடக்கவே இல்லை. 'பலனுக்கு ஏற்பப் பணம்' என்ற யோசனை அரசுக்குப் பிடித்துப்போய், நாடு முழுக்க விடுதலையானவர்களைக் கண்காணித்து உதவும் வேலையில் பெரும்பகுதியை 2014–15-ல் 21 தனியார் கம்பெனிகளிடம் பிரித்துக் கொடுத்துவிட்டார்கள். சிறிய அளவில், பொறுமையாக, ஆள் ஆளாகக் கவனித்துச் செய்த வேலையிலிருந்து எடுத்துக்கொள்ளப்பட்டது அந்தப் பணம் கொடுக்கும் ஏற்பாடு மட்டும், கவனிப்பு வந்து சேரவில்லை. பல இடங்களில் போனில் கூப்பிட்டுப் பேசுவதே கண்காணிப்பு என்று ஆனது. கடைசியில் 2021 ஜூனில் அரசே அந்த வேலையைத் திரும்ப எடுத்துக்கொண்டது. கொடையாளர்களின் ஒரு சோதனை எப்படிக் கொள்கையாகிறது, ஆகும்போது எது கழன்று விழுகிறது என்று கேட்டால் நான் எப்போதும் சொல்வது இந்தக் கதையைத்தான்.

நம் நாட்டுக் கதைக்கு ராஜஸ்தானின் பில்வாரா மாவட்டத்துக்குப் போக வேண்டும். 2015 முதல் 2018 வரை 'எஜுகேட் கேர்ள்ஸ்' என்ற தொண்டு நிறுவனம் பள்ளிக்கு வராத பெண் பிள்ளைகளைச் சேர்ப்பதும், மூன்று முதல் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு இந்தி, ஆங்கிலம், கணக்கு சொல்லித்தருவதும் என்று வேலை செய்தது. முன்பணம் 2,70,000 டாலர் போட்டது சுவிட்சர்லாந்தின் யு.பி.எஸ். வங்கியின் அறக்கட்டளை, பலனுக்குப் பணம் தருவதாக ஒப்புக்கொண்டது லண்டனைச் சேர்ந்த இன்னொரு அறக்கட்டளை. இரண்டாம் வருட முடிவில் கற்றலில் இலக்கின் பாதியில்தான் நின்றார்கள். வராத பிள்ளைகளின் வீட்டுக்கே போனார்கள், சொல்லித்தரும் முறையை மாற்றினார்கள், மூன்றாம் வருடத்தில் ஒரே தாவாகத் தாவி இலக்கில் 160 சதவீதத்தைத் தொட்டார்கள். சேர்க்கையில் 116 சதவீதம். முதலீட்டாளருக்கு ஆண்டுக்கு 15 சதவீத வருமானம்.

பிள்ளைகள் படித்தது நிஜம், அதை நான் மனதார மெச்சுகிறேன். அந்த லாபமும் யார் வீட்டுக்கும் போகவில்லை, அறக்கட்டளையின் மற்ற வேலைகளுக்குத்தான் போனது, அதையும் சொல்லிவிட வேண்டும். ஆனால் உன் மனசுக்குப் புரியாமல் போனது எதுவென்று நான் யூகிக்கிறேன். கிராமத்தில் அந்த வேலையைச் செய்தவர்களில் பெரும்பங்கு 'டீம் பாலிகா' என்ற உள்ளூர் இளைஞர்கள், தன்னார்வலர்கள், சம்பளம் இல்லாதவர்கள். வெயிலில் வீடு வீடாகப் போய், "பொண்ணை அனுப்புங்க" என்று பேசியவர்களின் உழைப்பு ஒரு காகிதத்தில் 15 சதவீதமாக மாறி வேறிடத்தில் வரவு வைக்கப்படுகிறது. இது சட்டப்படி தவறு இல்லை, ஏமாற்றும் இல்லை. ஆனாலும் கணக்கில் ஒரு வரிசை விடுபட்டிருக்கிறது என்று உனக்குத் தோன்றினால் அது சரியான தோன்றல்தான், அதை விட்டுவிடாதே.

அப்புறம், 'ரிஸ்க் எல்லாம் முதலீட்டாளருக்கு' என்று பாடத்தில் வரும். நியூயார்க் ரைக்கர்ஸ் தீவுச் சிறையில் 2012-ல் தொடங்கிய இதே மாதிரித் திட்டத்துக்குப் பணம் கொடுத்தது கோல்ட்மேன் சாக்ஸ் என்ற முதலீட்டு வங்கி, ஆனால் அதில் பெரும்பகுதிக்கு ப்ளூம்பெர்க் அறக்கட்டளை ஜாமீன் நின்றது. 2015-ல் பலன் இல்லை என்று மூடினார்கள், நஷ்டத்தின் பெரும்பங்கை ஏற்றதும் ஜாமீன் நின்ற கொடைப் பணம்தான். இதைப் பரீட்சையில் எழுது, நல்ல மார்க் வரும்.

கம்பெனிகள் லாபத்தில் 2 சதவீதம் சமூகத்துக்குத் தர வேண்டும் என்று சட்டமே இருக்கிறதே. அதனால் நன்மைதானே?
– வாசகர், ஓசூர்

ஆமாம், 2013 கம்பெனிகள் சட்டத்தின் 135-வது பிரிவு, 2014 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. நிகர மதிப்பு 500 கோடி, அல்லது விற்றுமுதல் 1,000 கோடி, அல்லது நிகர லாபம் 5 கோடி, இதில் ஏதாவது ஒன்றைத் தொட்ட கம்பெனி, முந்தைய மூன்று வருட சராசரி லாபத்தில் 2 சதவீதம் செலவழிக்க வேண்டும். வருடத்துக்கு 25 ஆயிரம் கோடிக்கு மேல் வருகிறது, சின்னத் தொகை இல்லை.

ஆனால் அது எங்கே போகிறது என்று பாருங்கள். ஆலை இருக்கும் வட்டாரத்துக்கு முன்னுரிமை கொடு என்று சட்டமே சொல்கிறது. அதனால் ஆலை இருக்கும் ஊருக்குப் பணம், ஆலையே இல்லாத ஊருக்கு ஒன்றுமில்லை. மகாராஷ்டிரம், குஜராத், கர்நாடகம், தமிழ்நாடு போன்ற மாநிலங்கள் அள்ளிக்கொள்கின்றன, ஓசூரில் இருக்கும் உங்களுக்கு இது கண்ணுக்கே தெரியும். வரியாக வசூலித்திருந்தால் எந்த மாவட்டத்துக்குத் தேவை அதிகம் என்று பார்த்துப் பிரித்திருக்கலாம், பிரிக்கவில்லை என்றால் சட்டமன்றத்தில் கேட்கவும் முடியும். 2020-ல் கொரோனா வந்தபோது பிரதமரின் பி.எம். கேர்ஸ் நிதிக்குக் கொடுத்தால் இந்த 2 சதவீதத்தில் சேரும், முதலமைச்சர் நிவாரண நிதிக்குக் கொடுத்தால் சேராது என்று மத்திய அரசு அறிவித்தது. எந்தக் கொடை கணக்கில் வரும் என்று ஒரு விளக்கக் குறிப்பு தீர்மானித்துவிடுகிறது, அதைத் திறக்கும் சாவி மாநிலங்களிடம் இல்லை.

இருபது வருடமாகத் தொண்டு நிறுவனத்தில் களப்பணி செய்கிறேன். முன்பு மாதிரி வேலையில் நிறைவு இல்லை. வயசாகிவிட்டதா, வேலை மாறிவிட்டதா?
– வாசகி, விருதுநகர்

அக்கா, வேலைதான் மாறிவிட்டது.

நானும் சில வருடம் ஃபீல்டில் இருந்தவன். குடும்ப வன்முறையால் பாதிக்கப்பட்ட பெண்களுக்கு உதவும் ஒரு சிறு அமைப்பில் இருந்தேன், பெயர் வேண்டாம். புதிதாக ஒரு ஃபண்டிங் வந்தது. மாதத்துக்கு 40 'பயனாளிகள்' என்று டார்கெட், ஒவ்வொரு சந்திப்புக்கும் மொபைலில் ஒரு ஃபோட்டோ, இடத்தோடு. அந்த நேரத்தில் ஒரு பெண் வந்தார், புருஷன் அடிப்பதை வெளியே சொல்வதற்கே அவருக்கு நாலு மாதம் ஆனது, அதற்கு முன்னால் வந்து உட்கார்ந்துவிட்டுப் போவார், காபி குடிப்பார், கீரை விலை பற்றிப் பேசுவார், அவ்வளவுதான். ஃபோட்டோ எடுக்க எனக்கு மனசு வரவில்லை, எடுத்தால் அவர் திரும்பி வரவே மாட்டார். ரிப்போர்ட்டில் அந்த நாலு மாதமும் பூஜ்யம். பக்கத்து மேஜையில் இருந்தவர் கல்லூரியில் ஒரு விழிப்புணர்வுக் கூட்டம் போட்டு ஒரே நாளில் 120 பயனாளிகள் என்று எழுதினார். அவர் பொய் எழுதவில்லை, கேட்ட கணக்கைக் கொடுத்தார். அடுத்த வருடம் ஃபண்டிங் புதுப்பிக்கும்போது ஆலோசனை மையத்துக்கான பணம் குறைந்து கூட்டங்களுக்கான பணம் கூடியது. யாரும் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை என்பதுதான் எனக்கு இன்றும் உறுத்துகிறது. எண்ணக்கூடிய வேலை எண்ண முடியாத வேலையை மெல்ல ஓரங்கட்டிவிட்டது.

இதில் சட்டமும் சேர்ந்துகொண்டது. 2020-ல் வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தைத் திருத்தியபோது, ஓர் அமைப்பு வாங்கிய பணத்தை இன்னோர் அமைப்புக்குப் பிரித்துக் கொடுக்கக் கூடாது என்று தடை வந்தது, நிர்வாகச் செலவு வரம்பும் 50-லிருந்து 20 சதவீதமாக இறங்கியது. முன்பெல்லாம் சென்னையிலோ டெல்லியிலோ இருக்கும் பெரிய அமைப்பு வழியாகத்தான் உங்களைப் போன்ற சிறு அமைப்புகளுக்குப் பணம் வரும். அந்த வாய்க்கால் அடைபட்டதும், சிறியவர்களுக்கு மிஞ்சியது பெரும்பாலும் கம்பெனிப் பணம். கம்பெனிகள் பள்ளிக்கூடக் கழிவறை, ஸ்மார்ட் வகுப்பறை, கண் பரிசோதனை முகாம் என்று ஃபோட்டோவில் தெரிவதைத்தான் விரும்பிக் கொடுக்கின்றன. நிலப் பட்டா, சாதிக் கொடுமை, கூலி பாக்கி என்று போனால் ஒருவரும் ஃபைலைத் திறப்பதில்லை. சமூகப்பணியில் பாதி, மக்களோடு நின்று அதிகாரத்திடம் கேட்பது. அந்தப் பாதிக்கு இப்போது படியளக்க ஆள் இல்லை.

அப்படியானால் கொடை எல்லாமே தப்பா? காமராசர் மதிய உணவுத் திட்டமும் ஊர்மக்கள் கொடையில் நடந்ததுதானே?
– வாசகர், கோவில்பட்டி

சரியான இடத்தில் பிடித்தீர்கள். 1956-ல் உங்கள் பக்கத்து எட்டயபுரத்தில் அது தொடங்கியபோது ஊர்க்காரர்களின் அரிசியும் காசும் அதில் இருந்தன. பொதுக்கல்வி இயக்குநர் நெ.து. சுந்தரவடிவேலு ஊர் ஊராகப் பள்ளிச் சீரமைப்பு மாநாடு நடத்தினார், நாற்காலி, கரும்பலகை, நிலம் என்று மக்கள் கொண்டுவந்து கொடுத்தார்கள். ஆனால் அந்தக் கொடை போய்ச் சேர்ந்த இடத்தைக் கவனியுங்கள். அரசு பொறுப்பை விட்டு விலகவில்லை, மேலே மேலே ஏற்றுக்கொண்டது. 1982-ல் எம்.ஜி.ஆர். அதைச் சத்துணவாக விரித்தார், பிறகு முட்டை வந்தது, 2001-ல் உச்ச நீதிமன்றம் நாடு முழுக்கச் சமைத்த உணவு தர உத்தரவிட்டது, 2013-ல் உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் ஏறியது. கொடையாக ஆரம்பித்தது உரிமையாக முடிந்தது. ஒரு நாள் சோறு வரவில்லை என்றால் பெற்றோர் போய்ச் சண்டை போடலாம்.

நான் எதிர்ப்பது இதைத் தலைகீழாக நடத்துவதை. உரிமையாக இருப்பதைத் திரும்பக் கொடையாக்கி, மூன்று வருடப் பிராஜெக்ட் ஆக்குவதை. கர்நாடகத்தில் பள்ளிகளுக்குச் சமைத்துக் கொடுக்கும் அட்சய பாத்திரம் அறக்கட்டளை வெங்காயமும் பூண்டும் சேர்ப்பதில்லை என்பது 2018–19-ல் பெரிய சர்ச்சையாகி, பிள்ளைகள் சாப்பாட்டை ஒதுக்குகிறார்கள் என்று உணவு உரிமைக்காரர்கள் கேட்டார்கள். லட்சக்கணக்கான தட்டுகளை நிரப்புகிற அமைப்பு அது, அந்த உழைப்பைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் ஏழைப் பிள்ளையின் தட்டில் என்ன இருக்க வேண்டும் என்பதைச் சமைப்பவரின் சமய ஆசாரம் தீர்மானிக்கக் கூடாது. அந்தப் பிள்ளை அதைக் காசு கொடுத்து வாங்கவில்லை என்பதற்காக அதற்கு நாக்கு இல்லை என்று ஆகிவிடாது.

மகளிர் குழுக்களுக்குக் கடன் கொடுத்து முன்னேற்றுவதும் இந்த வகைதானா? என் அம்மா வாராவாரம் கட்ட வேண்டியதை நினைத்துத் தூங்குவதில்லை.
– வாசகி, திருவாரூர்

இந்த வகையின் மிகக் கசப்பான பாடமே அதுதான். வறுமையைக் கடனால் ஒழிக்கலாம், அதிலேயே லாபமும் பார்க்கலாம் என்றார்கள். ஐதராபாத்தில் தொண்டு நிறுவனமாக 1997-ல் பிறந்த எஸ்.கே.எஸ். என்ற நுண்கடன் அமைப்பு, கம்பெனியாக மாறி, 2010 ஆகஸ்டில் பங்குச்சந்தைக்குப் போனது. பங்குகளுக்கு அடிதடி. அதே ஆண்டில் ஆந்திராவில் பல கம்பெனிகளிடம் கடன் வாங்கிக் கட்ட முடியாத பெண்கள் தற்கொலை செய்துகொண்ட செய்திகள் வந்தன, அக்டோபரில் மாநில அரசு அவசரச் சட்டம் போட்டது. பங்குதாரருக்கு வளர்ச்சி காட்ட வேண்டும் என்று ஆன பிறகு, ஏற்கெனவே மூன்று கடன் இருக்கிற பெண்ணுக்கு நாலாவது கடனைக் கொடுக்காமல் இருக்க எந்த ஏஜெண்டுக்கு மனசு வரும்?

நம் தமிழ்நாட்டுச் சட்டமன்றமும் 2025-ல் கட்டாயக் கடன் வசூலுக்கு எதிராகச் சட்டம் நிறைவேற்றியிருக்கிறது. வசூலுக்கு வருபவர் வீட்டு வாசலில் உட்கார்ந்து மிரட்டினாலோ அவமானப்படுத்தினாலோ அம்மா பொறுத்துக்கொள்ள வேண்டியதில்லை, காவல் நிலையத்தில் எழுதிக் கொடுக்கலாம். இலவச சட்ட உதவி மையம் மாவட்ட நீதிமன்ற வளாகத்திலேயே இருக்கும், பெண்களுக்கு வருமான வரம்பு கிடையாது. கடன் அட்டைகள் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு நீங்களும் கூடப் போங்கள், தனியாக அனுப்பாதீர்கள்.

பில் கேட்ஸ் இல்லையென்றால் போலியோ ஒழிந்திருக்குமா?
– வாசகர், சேலம்

அவர் பணம் பெரிய உதவி, மறுக்கவில்லை. இந்தியாவில் கடைசிப் போலியோ பாதிப்பு 2011 ஜனவரியில், மேற்கு வங்கம் ஹவுராவில். 2014 மார்ச்சில் சான்றிதழ் கிடைத்தது. ஆனால் சொட்டு மருந்துப் பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு வந்தது அங்கன்வாடி ஊழியர், செவிலியர், ஆஷா பணியாளர், ரோட்டரிக்காரர். அரசின் அமைப்பு ஏற்கெனவே இருந்ததால்தான் பணம் வேலை செய்தது. அதே கேட்ஸின் அறக்கட்டளை அமெரிக்காவில் ஆசிரியர்களை மதிப்பெண் போட்டுத் தரம் பிரித்தால் பள்ளி முன்னேறும் என்று சில ஆண்டுகள் பெரும் தொகையைச் செலவழித்த திட்டத்தில், பிள்ளைகளின் படிப்பு எதிர்பார்த்தபடி உயரவில்லை என்று ரேண்ட் நிறுவனத்தின் 2018 ஆய்வு சொன்னது. அறக்கட்டளை அடுத்த யோசனைக்குப் போய்விட்டது, அந்த மதிப்பெண்ணை வாங்கின ஆசிரியர்கள் அங்கேயேதான் இருந்தார்கள்.

எம்.எஸ்.டபிள்யூ. முடித்தேன். ஒரு கம்பெனியின் சி.எஸ்.ஆர். (சமூகப் பொறுப்பு) பிரிவில் நல்ல சம்பளத்தில் வேலை கிடைத்திருக்கிறது. இதையெல்லாம் படித்த பிறகு போகலாமா என்று குழப்பமாக இருக்கிறது.
– வாசகர், கோயம்புத்தூர்

போங்கள் தம்பி. வீட்டில் கடன் இருக்கும், படிக்க வைத்த அப்பா காத்திருப்பார், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. மேஜைக்கு அந்தப் பக்கம் சமூகப்பணி படித்த ஒருவர் உட்கார்ந்திருந்தால் இந்தப் பக்கம் இருப்பவருக்கு எவ்வளவு நிம்மதி என்று அனுபவித்துச் சொல்கிறேன். ஒப்பந்தம் எழுதும்போது ஒரு வருடத்துக்குப் பதிலாக மூன்று வருடம் கேட்டுப் பாருங்கள். களப்பணியாளரின் சம்பளத்தை 'நிர்வாகச் செலவு' என்று எழுதி வெட்டினால், அவர்தானே திட்டமே என்று சண்டை போடுங்கள். பெண்கள், குழந்தைகள் சம்பந்தப்பட்ட வேலையில் ஃபோட்டோ கேட்காதீர்கள். திட்டம் முடிந்து பணம் நின்றால் அந்த ஊரில் அந்த வேலையை யார் செய்வார்கள் என்று முதல் கூட்டத்திலேயே கேளுங்கள், பஞ்சாயத்துத் தலைவரையும் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு. ஆறு மாதம் கழித்து என்ன ஆயிற்று என்று எனக்கு எழுதுங்கள், இதே பக்கத்தில் போடுகிறேன்.